தொட்டியும் நிலமும்

இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு தை மாதத்தில், மலைப்பக்கம் போய்வந்த நண்பர் ஒருவர் எனக்கு ஜப்பானிய மேப்பிள் கன்று ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு முழ உயரம். ஐந்தாகவும் ஏழாகவும் பிளந்த சிறு இலைகள். செம்மை ஓடிய காம்பு. "குட்டை ரகம். பத்து வருஷம் ஆனாலும் இடுப்பளவுதான். உங்க வீட்டுக்குன்னே செஞ்ச மாதிரி" என்றார். கோவில்பதாகையில் எனக்கிருப்பது அரை கிரவுண்டு. அதில் வீடு, செப்டிக் டாங்க், போர், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் போக, தெருவைப் பார்த்து நாலடிக்குப் பன்னிரண்டடி மண் மிச்சம். அந்த மண்ணில் வேம்பு வைத்தால் பக்கத்துக் காம்பவுண்டு சுவர் பிளக்கும். முருங்கை வைத்தால் கம்பளிப்பூச்சி என்று எதிர்வீடு சண்டைக்கு வரும். ஆகவே எனக்கேற்ற மரம் வந்துவிட்டதாகவே நம்பினேன். பங்குனி பிறந்ததும் இலைகளின் ஓரம் தீய்ந்த காகிதம்போல் சுருண்டது. சித்திரை பாதியில் அது ஒரு குச்சி.

வெயிலில் செத்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. பிற்பகல் நிழல், ஈரம் காயாத, ஆனால் தண்ணீர் தேங்காத, சற்றே புளிப்பான மண், வேர்மேல் சருகுப் போர்வை, சுடுகாற்று படாத மூலை: இவையெல்லாம் அதற்கு வேண்டும் என்பது உண்மைதான், எங்கள் போர் தண்ணீரின் உப்பு அதற்கு விஷம் என்பதும் உண்மைதான். ஆனால் இவற்றையெல்லாம் கொடுத்திருந்தாலும் அது நிலைத்திருக்காது. அந்த மரத்துக்குக் குளிர்காலம் வேண்டும். இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, வாரக்கணக்கில் குளிரில் உறங்கினால்தான் அடுத்த மொட்டு ஒழுங்காக விழிக்கும். நம் அரசும் இலையுதிர்க்கிறது. அது மாசியில், வறட்சிக்கு அஞ்சி. சில நாட்களில் செந்தளிர் விட்டுவிடுகிறது. மேப்பிளின் உறக்கம் வேறு. ஆவடியில் எந்த மரமும் அப்படித் தூங்கியதில்லை. தண்ணீர் விட்டதில் நான் தவறு செய்யவில்லை. வாங்கிக்கொண்டதிலேயே செய்துவிட்டேன்.

செத்தபிறகு ஜாதகம் பார்ப்பதுபோல, அதற்கப்புறம்தான் அந்த மரத்தைப் பற்றிப் படித்தேன். ஜப்பானிலும் கொரியாவிலும் காட்டுமரமாக இருபது முப்பதடி வளர்வது. தூன்பெரி என்ற ஸ்வீடிஷ் மருத்துவர், டச்சுக் கம்பெனியின் ஊழியராக 1775-76இல் ஜப்பானில் இருந்தவர், 1784இல் அதற்கு லத்தீன் பெயர் வைத்தார் (திரும்பும் வழியில் இலங்கையிலும் செடி சேகரித்தவர் இவர்). உள்ளங்கை என்று பொருள்படும் பெயர். ஜப்பானியத் தோட்டக்காரர்கள் அதற்கும் வெகுகாலம் முன்பே வித்தியாசமான இலை, நிறம், கிளை கண்ட மரங்களைப் பிரித்தெடுத்துத் தனித்தனிப் பெயர் சூட்டி வளர்த்து வந்திருக்கிறார்கள். ஷிஷிகஷிரா என்றால் சிங்கத் தலை. இலைகள் சுருண்டு அடர்ந்து பிடரிபோல் இருக்கும். கியோஹிமே என்று ஒன்று. உயரத்தைவிட அகலத்தில் ஆசை கொண்டது, உச்சிக்கிளை பலவீனமானது.

இந்தக் குட்டை ரகங்களைப் பற்றி மூன்று விவரங்கள் என்னைத் தொந்தரவு செய்தன. முதலாவது, இவற்றின் பிறப்பு. சில, விதையில் தற்செயலாய் வந்தவை. வேறு சில, ஒழுங்கான மரத்தின் ஒரு கிளையில் திடீரென்று மொட்டுகள் தாறுமாறாய் நெருங்கிக் கொத்தாய் வளரும் ஒரு கோளாறிலிருந்து பிறந்தவை. சூனியக்காரியின் துடைப்பம் என்று ஆங்கிலத் தோட்டக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதை வெட்டியெடுத்து வேறு கன்றின்மேல் ஒட்டினால் அது ஒரு ரகமாகிவிடுகிறது. இரண்டாவது, விதை போட்டால் இவை அப்படியே வருவதில்லை, ஒட்டுத்தான். நம் ஒட்டு மாமரம்போல. காலடியில் இருக்கும் வேர் அதன் வேர் இல்லை. மனிதன் ஒட்டுவதை நிறுத்தினால் அந்த ரகமே இல்லை. மூன்றாவது, அட்டையில் போட்டிருக்கும் உயரம் பெரும்பாலும் பத்தாவது வருஷத்து உயரம். பதினோராவது வருஷத்தில் மரம் நின்றுவிடுவதில்லை. குட்டை என்று நாம் சொல்வதில் பாதி, மெதுவாக என்பதுதான்.

இந்த மூன்றாவது விஷயத்தில் எனக்கு ஒரு சொந்த அக்கறை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மேப்பிள் செத்த அதே வருஷம், சமையலறை சன்ஷேடின் விரிசலில் ஓர் அரசங்கன்று இருப்பதைக் கவனித்தேன். காக்கை எச்சத்தில் வந்ததாயிருக்கும். சென்னையில் இது இல்லாத வீடு அபூர்வம். விசாரித்தால் மனைவி, "நாலு வருஷமா இருக்குங்க, நீங்க மேல பாத்தாதானே" என்றாள். நாலு வருஷத்தில் ஒரு சாண். தண்டு மட்டும் சுண்டுவிரல் கனம். இலைகள் வெற்றிலையில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த வால்நுனி அப்படியே, சிறிதளவும் குறையாமல். யாரும் அதைக் கத்தரிக்கவில்லை, கம்பி சுற்றவில்லை. விரிசல்தான் அதைச் செதுக்கியிருந்தது. பல தலைமுறைகளாக ஜப்பானியக் கைகள் உழைத்துக் கொண்டுவந்த ஒன்றை, சிமென்ட் கலவையில் கஞ்சத்தனம் செய்த எங்கள் மேஸ்திரி தன்னையறியாமல் சாதித்துவிட்டார்.

சுவரில் ஓதம் இறங்கிவிட்டது. கொத்தனாரைக் கூப்பிட்டேன். ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். "பூச வேலைன்னா செய்யறேன் சார். அரசு மேல நான் கைவெக்க மாட்டேன். ஆசிட்டு ஊத்தறவங்க இருக்காங்க, வேணும்னா அவங்கள வெச்சுப் பாருங்க." அம்மா வேறு, "வேணாம்டா, குடும்பத்துக்கு ஆகாது" என்றாள். ஐப்பசி மழையில் சுவர் ஊறியிருந்த ஒரு ஞாயிறன்று நானே உளியை எடுத்துக்கொண்டு ஏறினேன். ஆணிவேர் பாதியில் அறுந்தது. மிஞ்சியதைச் செம்மண்ணும் மணலும் எருவும் கலந்து அகலமான மண்தொட்டி ஒன்றில் வைத்தேன். அரசு சாகிற ஜாதி இல்லை. மூன்றாம் வாரம் தளிர்த்தது.

பிழைத்ததும் அது வளர ஆரம்பித்தது. விரிசலில் நாலு வருஷமாய் ஒரு சாணாக இருந்தது, தொட்டியில் நாலு மாதத்தில் ஒரு முழம் போயிற்று. இலைகள் உள்ளங்கை அகலமாயின. மொட்டை மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு மாலை, யோசிக்காமல், உச்சிக் கொழுந்தைக் கிள்ளிவிட்டேன். பால் வடிந்தது. பத்து நாளில் கிள்ளின இடத்துக்குக் கீழே இரண்டு கிளை வெடித்தன. மறுபடி கிள்ளினேன். ஒப்புக்கொள்ள வேண்டும்: அதில் ஓர் இன்பம் இருந்தது. கவிதையில் ஒரு வரியை அடிக்கும்போது வரும் இன்பத்தின் சாயலும் அதில் இருந்தது, கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒரு கிழவரை நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பும்போது ஒரு கணம் எட்டிப்பார்க்கும் வேறொன்றின் சாயலும் இருந்தது. இந்த இரண்டாவதுதான் என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தது.

கென்கோ என்ற ஜப்பானியத் துறவி ஏறத்தாழ 1330இல் எழுதிய சுரேசுரேகுசா என்னும் உதிரிக் குறிப்புகளின் தொகுப்பில் ஒரு சம்பவம் வருகிறது. ஹினோ சுகெதொமோ என்ற அரசவைப் பிரபு. கோணல்மாணலாய் வளைந்த தொட்டி மரங்களைத் தேடிச் சேர்ப்பவர். ஒருநாள் மழைக்காகக் கியோத்தோவில் தோஜி கோவில் வாயிலில் ஒதுங்குகிறார். அங்கே கைகால் முறுக்கிக்கொண்ட, முடங்கிய பிச்சைக்காரர்கள் ஒரு கூட்டம். ஒவ்வொருவரும் ஒரு விசித்திரம் என்று முதலில் ரசித்துப் பார்க்கிறார். கொஞ்ச நேரத்தில் ரசனை தீர்ந்து அருவருப்பு வருகிறது. சாதாரணமாக, நேராக இருப்பதே மேல் என்று தோன்றுகிறது. வீட்டுக்குப் போனதும், தான் ஆசையாய்ச் சேர்த்த மரங்களும் இதே ரகம்தானே என்று அத்தனையையும் பிடுங்கி எறியச் செய்துவிடுகிறார்.

இதைப் படிக்கிறவர்கள் சுகெதொமோவின் விழிப்பை மெச்சுவது வழக்கம். எனக்கு அந்த வாயில் நினைவிலிருந்து போவதில்லை. மழை விட்டது, பிரபு வீடு போனார், மரங்கள் தெருவுக்கு வந்தன. பிச்சைக்காரர்கள்? அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். அவர் திருத்திக்கொண்டது தன் ரசனையை மட்டும். முதலில் கோணலை ரசித்தார், பிறகு கோணலை வெறுத்தார்; இரண்டு தடவையும் அவருக்குப் பிரத்யட்சமாய்த் தெரிந்தது தன் கண்தான். பிடுங்கி எறியப்பட்ட மரங்களுக்கு அவருடைய ஞானோதயத்தால் கிடைத்தது சாவு. நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும்: இதே சுகெதொமோ பின்னால் சக்கரவர்த்திக்காகக் காமகுரா ஆட்சிக்கு எதிராகச் சதி செய்து, சாடோ தீவுக்குக் கடத்தப்பட்டு, 1332இல் கொல்லப்பட்டார். கோழையில்லை. ஆனால் தைரியம் வேறு, பொறுப்பு வேறு.

ஐந்நூறு வருஷங்களுக்குப் பிறகு சீனாவில் கொங் ஸிஜென் என்ற கவிஞர், ஊழல் மலிந்த தலைநகர உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்த 1839ஆம் ஆண்டில், நோயுற்ற பிளம் மரங்களின் கூடம் என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். அக்காலப் படிப்பாளிகளுக்குப் பிளம் மரம் வளைந்திருந்தால்தான் அழகு. நேராயிருந்தால் சோபை இல்லை என்பார்கள். அவர்கள் வாய்விட்டு உத்தரவு போடுவதில்லை. அவர்களுடைய ருசியைத் தெரிந்துகொண்ட வியாபாரி நேர்க்கிளையை வெட்டி, துளிரை நசுக்கி, கயிற்றால் கட்டி விற்கிறான். கொங் முந்நூறு தொட்டி வாங்குகிறார். முழுசாய் ஒன்றுகூட இல்லை. மூன்று நாள் அழுகிறார். பிறகு தொட்டிகளை உடைத்து, கட்டுகளை அவிழ்த்து, எல்லாவற்றையும் நிலத்தில் புதைத்து, ஐந்து வருஷத்துக்குள் இவற்றைக் குணமாக்குவேன் என்று சபதம் செய்கிறார். இன்னும் நிலமும் ஓய்வும் கிடைத்தால் நாட்டின் நோயுற்ற பிளம்கள் அத்தனையையும் கொண்டுவந்து வைப்பேன் என்கிறார்.

பரீட்சை முறையில் முடமாக்கப்பட்ட அறிவாளிகளைத்தான் அவர் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் உருவகத்தைக் கழற்றி வைத்துவிட்டு மரத்தையே பார்த்தாலும் அந்தக் கட்டுரை நிற்கிறது. காரணம் அந்த ஐந்து வருஷம். உடைப்பது ஒரு நிமிஷ வேலை. கட்டவிழ்த்த மரம் தானாக நேராகிவிடாது. வேரறுத்துப் பழக்கப்பட்டது நிலத்தில் விட்டதும் தாகத்தில் சாகலாம். விடுதலை செய்தவன் ஐந்து வருஷம் தண்ணீர் சுமக்க வேண்டும். கொங் 1841இல் இறந்துபோனார். சபதத்தின் மூன்று வருஷம் பாக்கி.

இங்கே நம் சமாசாரம் ஒன்று நினைவுக்கு வருகிறது. குறள் என்ற நம் சொல்லுக்குக் குள்ளம் என்றும் பொருள், இரண்டடி வெண்பா என்றும் பொருள். 1959இல் எழுத்து தொடங்கியபோது நம்மில் பலருடைய மூத்தவர்கள் யாப்பைத் தொட்டி என்றே கண்டார்கள், உடைத்தார்கள். உடைத்தது சரிதான் என்பது என் அபிப்பிராயம், இன்றும். ஆனால் உடைத்தபின் தண்ணீர் சுமந்தவர்கள் எத்தனை பேர்? நிலத்தில் விட்டாயிற்று, இனி வளர்ந்துகொள்ளும் என்று நம்பிக் கைவிடப்பட்ட கவிதைகள் நம் பழைய இதழ்களில் பத்தி பத்தியாய்க் காய்ந்து நிற்கின்றன. (என்னுடையவை நான்கும் அதில் சேர்த்தி.)

சிறிதாக்குவது குரூரம் என்று சொல்பவர்களிடம் ஒரு சாட்சியத்தை வைக்க வேண்டியிருக்கிறது. வாஷிங்டனில் தேசிய மரத் தோட்டத்தில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் தொட்டியில் இருக்கிறது. 1625இலிருந்து கத்தரிக்கப்பட்டு வருவது. 1976இல், அமெரிக்க சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டுக்கு ஜப்பான் அனுப்பிய ஐம்பத்துமூன்று மரங்களில் ஒன்று. கொடுத்தவர் மசாரு யமாகி. கொடுக்கும்போது அவர் ஒரு விஷயத்தைப் பெரிதுபடுத்தவில்லை. 2001இல் அவருடைய பேரன்கள் அந்த மரத்தைப் பார்க்க வந்தபோதுதான் அது தெரியவந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அந்த மரம் ஹிரோஷிமாவில், குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில், யமாகி வீட்டில் இருந்தது. ஒரு சுவர் மறைத்தது. மரம் பிழைத்தது, வீட்டாரும் பிழைத்தார்கள். அந்தக் குண்டைப் போட்ட தேசத்துக்கு அந்த மரத்தை ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பியிருக்கிறார்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்த மதியம், எங்கள் தெருவில் நிலத்தில் சுதந்திரமாய் வேரோடிய ஐந்து மரங்கள் சாய்ந்தன. எதிர்வீட்டு அம்மா குளியலறைக்குள் இழுத்து வைத்த தொட்டிச் செடிகளுக்கு ஓர் இலை சேதமில்லை. அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்துத் தாய்த்தண்டும் 1989 புயலில்தான் விழுந்தது. சுதந்திரமாக வளர்ந்தது நீடிக்கும், கட்டப்பட்டது நசியும் என்ற நம் ரொமான்டிக் சூத்திரம் மரங்களிடம் செல்லுபடியாகவில்லை. மரத்துக்கு வலிக்குமா என்ற கேள்வியிலும் நான் அதிக நேரம் நிற்கவில்லை. நன்றாகப் பேணப்பட்ட தொட்டி மரம் பட்டினி கிடப்பதில்லை. பார்த்துப் பார்த்து ஊட்டப்படுகிறது. பிரச்னை வேறிடத்தில் இருக்கிறது. விரிசலில் இருந்தவரை அந்த அரசுக்கு நான் தேவைப்படவில்லை. இப்போது சித்திரையில் இரண்டு வேளை தண்ணீர் விடாவிட்டால் மூன்றாம் நாள் அது இல்லை. யமாகியின் பைன் பத்திரமாக இருந்ததற்குச் சுவர் மட்டும் காரணமில்லை. முந்நூறு வருஷத்துக்கு மேல் ஏதோ ஒரு கை ஒரு கோடையில்கூடத் தவறவில்லை. ஒன்றைச் சிறிதாக்குகிறவன் அதைத் தன் ஆயுளோடு கட்டிக்கொள்கிறான், தனக்குப் பின்னும் ஒருவனைத் தேடவேண்டியிருக்கிறது. அதற்குத் துணியாதவன் கத்தரியைத் தொடக்கூடாது.

சொந்த அக்கறை என்றேன். வங்கியில் குமாஸ்தாவாகப் பதினோரு வருஷம். அதிகாரிப் பதவிக்கான பரீட்சையை இரண்டு தடவை எழுதாமல் விட்டேன். பாஸ் செய்தால் பெயர் தெரியாத ஊருக்கு மாற்றல். மாலை ஏழு எட்டு மணி வரை வேலை. படிப்பதும் எழுதுவதும் போயிற்று. நானாகத் தேர்ந்தெடுத்த குட்டை ரகம் நான், மெதுவாக வளர்கிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வதுண்டு. தம்பி போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, "அண்ணா, நீங்க வளர மாட்டேன்னு இருக்கீங்களா, இல்ல வளர இடமில்லாம இருக்கீங்களா?" என்று கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். மேப்பிளின் மெதுவும் விரிசல் அரசின் மெதுவும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒன்று அதன் இயல்பு. மற்றது இடம் மாறியதும் நாலு மாதத்தில் ஒரு முழம் போகிறது. நான் இன்னும் தொட்டி மாறிப் பார்க்கவில்லை. இந்தப் பத்திரிகையும் முந்நூறு பிரதிதான். அது எந்த ரகம் என்பதை ஆசிரியர் யோசிக்கட்டும்.

ஹாச்சி நோ கி என்ற நோ நாடகத்தில் மூன்று தொட்டி மரங்கள் வருகின்றன. நிலமிழந்த சாமுராய் ட்ஸுனேயோ. கடும் பனி. ஒரு யாத்ரீகத் துறவிக்கு இடம் கொடுத்துவிடுகிறான், அடுப்புக்கு விறகில்லை. நல்ல நாட்களின் மிச்சமாக அவனிடம் இருப்பவை பிளம், செர்ரி, பைன் என்று மூன்று தொட்டிகள். மூன்றையும் வெட்டி எரிக்கிறான். வந்தவர் மாறுவேடத்தில் இருந்த முன்னாள் ஆட்சியாளர் டோகியோரி. பின்னால் அவனைக் கூப்பிட்டு, அந்த மூன்று மரங்களின் பெயர் கொண்ட மூன்று ஊர்களை மானியம் அளிக்கிறார். நாடகம் நெருப்போடு முடிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. பரிசு வந்ததும் மரங்கள் வெறும் முதலீடாகிவிடுகின்றன. ஆனால் அந்த நெருப்பு சுகெதொமோவின் குப்பைமேட்டுக்கு நேர் எதிர். இவனும் மரங்களை அழிக்கிறான். வாயிலில் குளிரில் நின்றவன் இவன் கண்ணில் பட்டுவிட்டான், அவனுக்காக அழிக்கிறான். இத்தனை வருஷம் தண்ணீர் விட்டவன் என்பதால்தான் அந்த விறகுக்கு அவ்வளவு கனம்.

நண்பர்கள் சொல்கிறார்கள், அரசை ஏரிக்கரையில் கொண்டுபோய் நட்டுவிடு, கொங் மாதிரி என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோவில்பதாகை ஏரிக்கரையில் நடந்து பார்த்தேன். இடம் இருக்கிறது. ஆடுகளும் இருக்கின்றன. வேலி கட்ட வேண்டும். ஆணிவேர் அறுந்த மரம், இரண்டு கோடையாவது குடத்தில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். என் வீட்டிலிருந்து கரைக்கு இருபது நிமிஷம். அதைச் செய்யத் தயாரா என்று கேட்டுக்கொண்டே திரும்பிவந்தேன். மாசியில் அது இலை முழுக்க உதிர்த்து, ஒரு வாரம் வெறும் கிளையாக நின்றது. மேப்பிள் நினைவு வந்து ஒருநாள் பட்டையைக்கூடச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே பச்சை. இப்போது தாமிர நிறத்தில் தளிர். கிள்ளவில்லை. அடுத்த வாரம் குலதெய்வக் கோவிலுக்கு நாலு நாள் ஊருக்குப் போகவேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எதிர்வீட்டு அம்மாவிடம் மாடிச் சாவியைக் கொடுத்து, காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு என்று சொல்ல வேண்டும். முருங்கை விஷயத்தில் அவர்களோடு பேச்சு நின்று ஆறு மாதமாகிறது.